கைல் ஃபீல்டுக்குப் போகும் முன்: டெக்சஸ் ஏ அண்ட் எம் ஃபுட்பால் மரபில் புதியவர்கள் சறுக்கும் இடங்கள்

டெக்சஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகம் இருக்கும் காலேஜ் ஸ்டேஷனுக்கு மேல்படிப்புக்கு வரும் நம் ஊர்ப் பிள்ளைகள் பலர் முதல் செமஸ்டரிலேயே அதன் ஃபுட்பால் ஸ்டேடியமான கைல் ஃபீல்டுக்குப் போய்விடுகிறார்கள். அமெரிக்கன் ஃபுட்பாலின் விதி தெரியவில்லை என்றால் யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். நாலாவது டவுன் என்றால் என்ன என்று பக்கத்தில் நிற்பவரே பொறுமையாகச் சொல்லித்தருவார். ஆனால் அதே ஆள், நீங்கள் தவறான புல்வெளியில் கால் வைத்தால் முகம் சுளிப்பார். காரணம் இதுதான்: 1876-இல் திறக்கப்பட்ட இந்தக் கல்லூரி, 1965 வரை கேடட் படையில் (மாணவர் ராணுவப் பயிற்சிப் படை) சேர்வதைக் கட்டாயமாக வைத்திருந்தது. ஸ்டேடியத்தில் நீங்கள் பார்க்கும் சடங்குகளில் பெரும்பாலானவை படைமுகாமில் பிறந்தவை. வெறும் ரசிகர் கூத்து என்று நினைத்துக்கொண்டு போவதுதான் முதல் தவறு. மற்றவை எல்லாம் அதிலிருந்தே கிளைக்கின்றன.

அதிகம் திரித்துச் சொல்லப்படுவது 'பன்னிரண்டாவது ஆள்' (களத்தில் ஆடும் பதினொருவருக்கு அடுத்தவர்) கதைதான். பார்வையாளர் வரிசையிலிருந்த யாரோ ஒரு மாணவர் மைதானத்துக்குள் குதித்து ஆட்டத்தை ஜெயித்துக் கொடுத்தார் என்று சொல்பவர்கள் உண்டு. நடந்தது வேறு. 1922 ஜனவரி 2-ஆம் தேதி டாலஸில் டிக்சி கிளாசிக் ஆட்டம். எதிரணி, அந்தப் பருவத்தில் ஹார்வர்டையே தோற்கடித்திருந்த சென்டர் கல்லூரி. ஏ அண்ட் எம் வீரர்கள் ஒவ்வொருவராகக் காயம்பட்டு வெளியேற, மாற்று ஆள் இல்லாமல் போகுமோ என்று பயிற்சியாளர் டானா பைபிளுக்குக் கவலை. இ. கிங் கில் என்ற மாணவர் அப்போது மேலே செய்தியாளர் பெட்டியில் இருந்தார். கீழே ஆடுபவர்கள் யார் யார் என்று செய்தியாளருக்கு அடையாளம் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் வழிப்போக்கர் அல்ல. அதே பருவத்தில் ஃபுட்பால் அணியில் இருந்துவிட்டு, கூடைப்பந்துக்காக விலகியவர். பைபிள் கூப்பிட்டதும் இறங்கி வந்து, காயம்பட்ட ஒரு வீரரின் உடையை மாட்டிக்கொண்டு கோட்டோரம் நின்றார். ஆட்டம் முடியும்வரை நின்றார். ஒரு முறைகூட உள்ளே இறங்கவில்லை. ஏ அண்ட் எம் 22-14 என்று ஜெயித்தது.

'உள்ளே இறங்கவில்லை' என்பதை விட்டுவிட்டுச் சொன்னால் கதையின் உயிரே போய்விடும். தேவைப்பட்டால் நான் தயார் என்று நிற்பதுதான் இங்கே மரபு. மாணவர் பகுதியில் ஆட்டம் முழுக்க யாரும் உட்காராததும் அதனால்தான். கால் வலிக்கிறது என்று நீங்கள் உட்கார்ந்தால் யாரும் தூக்கி நிறுத்த மாட்டார்கள். 'டூ பர்சென்ட்டர்' என்ற பட்டம் மட்டும் கிடைக்கும். மரபில் கலந்துகொள்ளாத இரண்டு சதவீதத்தில் ஒருவர் என்று பொருள். வயதான அப்பா அம்மாவை ஊரிலிருந்து அழைத்து வந்திருந்தால், மாணவர் பகுதி இருக்கும் கிழக்குப் பக்கத்தைத் தவிர்த்து வேறு பக்கத்தில் டிக்கெட் எடுங்கள்.

இன்னொன்று: 'பன்னிரண்டாவது ஆள்' என்ற சொல்லே இங்கேதான் பிறந்தது என்று அடித்துப் பேசாதீர்கள். மினசோட்டாவிலும் அயோவாவிலும் அதற்கு முன்பே அச்சில் வந்திருக்கிறது. ஏ அண்ட் எம் அதை வணிக முத்திரையாகப் பதிவு செய்தது 1990-இல். 2006-இல் சியாட்டில் சீஹாக்ஸ் என்ற தொழில்முறை ஃபுட்பால் அணி மீது வழக்குப் போட்டு, பிறகு உரிம ஒப்பந்தத்தில் சமாதானம் ஆனது. உரிமை சட்டப்படி இவர்களுடையது. பிறப்பு வேறு இடம்.

அடுத்தது சத்தம். பாம்பாம் ஆட்டும் சியர்லீடர்களைத் தேடினால் கிடைக்க மாட்டார்கள். வெள்ளை உடையில் ஐந்து யெல் லீடர்கள் இருப்பார்கள், கூட்டம் சேர்ந்து கத்தும் 'யெல்' என்ற கோஷங்களை நடத்துபவர்கள். மூவர் நான்காம் ஆண்டு, இருவர் மூன்றாம் ஆண்டு, ஐவரும் மாணவர் தேர்தலில் ஜெயித்து வந்தவர்கள். அவர்கள் கையால் ஒரு சைகை காட்டுவார்கள். முன்வரிசை அதை அப்படியே திருப்பிக் காட்டும், அடுத்த வரிசை அதைப் பார்த்துக் காட்டும், இப்படி மேல்தளம்வரை போகும். இரண்டு கை முஷ்டிகளையும் ஒன்றைச் சுற்றி ஒன்றாக உருட்டினால் 'ஃபார்மர்ஸ் ஃபைட்'. கட்டைவிரலை உயர்த்தினால் 'கிக் எம்' (Gig 'em). புதியவர்கள் இங்கே வழக்கமாக இரண்டு இடத்தில் சறுக்குகிறார்கள். சைகையைப் பின்னால் கடத்தாமல் நின்றுவிடுவது ஒன்று. உங்களுக்குப் பின்னால் இருப்பவருக்கு யெல் லீடர் எறும்பு அளவுதான் தெரிவார், நீங்கள் கடத்தாவிட்டால் சங்கிலி அறுந்துபோகும். நிமிர்ந்து நின்றபடி கத்துவது மற்றொன்று. யெல் தொடங்கும்போது இரண்டு கைகளையும் முழங்காலுக்குச் சற்று மேலே ஊன்றிக் குனிய வேண்டும். தொண்டையும் வாயும் நேர்க்கோட்டில் வந்தால் சத்தம் தடையில்லாமல் போகும் என்பது இவர்கள் கணக்கு. அத்தனை பேரும் குனிந்திருக்கையில் நீங்கள் மட்டும் தென்னைமரம் மாதிரி நின்றால் தூரத்திலிருந்தே தெரியும். நடுவரோ எதிரணியோ பிடிக்காததைச் செய்தால் 'பூ' என்று கத்தக் கூடாது. 'ஸ்ஸ்ஸ்' என்று சீறுவதுதான் வழக்கம்.

வார் ஹிம் என்ற அணிப் பாடலுக்குப் பின் 'சா வார்சிட்டி' என்ற பகுதி வரும். இருபக்கத்து ஆட்களின் தோளில் கைபோட்டு, காலைக் குறுக்கே மாற்றி வைத்து, வரிசையே பக்கவாட்டில் ஆடும். எந்தப் பக்கம் சாய்வது என்று குழம்ப வேண்டாம்: உங்களுக்கு முன்வரிசை போகும் திசைக்கு எதிர்த்திசை. தவறினால் பக்கத்துத் தலையில் இடி.

மிட்நைட் யெல் என்ற நள்ளிரவு யெல் பயிற்சி எப்போது என்பதில் நிறையப் பேர் ஒரு நாள் பிசகிவிடுகிறார்கள். சனிக்கிழமை உள்ளூர் ஆட்டம் என்றால், வெள்ளி இரவு பன்னிரண்டு மணிக்குக் கைல் ஃபீல்டில். சனி இரவு போனால் காலி மைதானம்தான். முடிவில் விளக்கை அணைப்பார்கள். ஜோடியாக வந்தவர்கள் முத்தமிட்டுக்கொள்வார்கள், தனியாக வந்தவர்கள் லைட்டரையோ ஃபோனையோ ஒளிரவிட்டுத் துணை தேடுவார்கள். அணி புள்ளி எடுத்தாலும் இதே முத்தம்தான். வீடியோ காலில் பாட்டியை வைத்துக்கொண்டு ஆட்டம் காட்டுபவர்கள் கவனம்.

கவனம் கட்டாயம் வேண்டிய இடம் மைதானத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. மெமோரியல் ஸ்டூடன்ட் சென்டர், சுருக்கமாக எம்.எஸ்.சி. போரில் இறந்த ஆகீஸ் (ஏ அண்ட் எம் மாணவர்களை இப்படித்தான் அழைப்பார்கள்) நினைவாகக் கட்டப்பட்டது. உள்ளே நுழையும்போது தொப்பியைக் கழற்ற வேண்டும். சுற்றியிருக்கும் புல்வெளியும் நினைவிடத்தின் பகுதி. குறுக்கே நடக்கக் கூடாது, உட்கார்ந்து படம் எடுக்கக் கூடாது. ஆட்ட நாளில் குறுக்குவழி பிடிக்கத் தோன்றும். பாதையைச் சுற்றியே போங்கள்.

படம் எடுக்கும்போது இன்னொரு வினை. ஆள்காட்டி விரலையும் சுண்டு விரலையும் நீட்டி 'ராக்' போஸ் கொடுக்கிறோம் இல்லையா, அது இங்கே ஆஸ்டினிலுள்ள எதிரிப் பல்கலைக்கழகத்தின் கொம்புச் சின்னம். கட்டைவிரல் போதும். ஆரஞ்சு சட்டையும் அன்றைக்கு அலமாரியிலேயே இருக்கட்டும்.

பல்கலைக்கழகத்தின் அடையாளச் சின்னமான ரெவெலி என்ற நாயைத் தடவிக்கொடுக்க யாருக்குத்தான் ஆசை வராது? கூடவே இருக்கும் கேடட்டிடம் கேட்காமல் கையை நீட்டாதீர்கள். கேடட் படையிலேயே உயர்ந்த பதவி அதற்குத்தான். பதவிச் சின்னம் ஐந்து வைரம். ஆரம்பத்திலிருந்தே கோலி இனம் என்று சொல்வதும் தவறு. 1931-இல் வந்த முதல் ரெவெலி கலப்பின நாய். ரஃப் கோலி வந்தது மூன்றாவது ரெவெலியிலிருந்துதான். இறந்த ரெவெலிகளை ஸ்டேடியத்தின் வடக்கு முகப்பில், ஸ்கோர்போர்டைப் பார்த்தபடி புதைத்திருக்கிறார்கள். விரிவாக்கத்தில் கட்டடம் பார்வையை மறைத்தபோது, அவற்றுக்கென்றே வெளியே ஒரு சின்ன ஸ்கோர்போர்டு வைத்தார்கள்.

போன்ஃபயர் பற்றிப் பேசும்போது குரலைத் தாழ்த்துங்கள். டெக்சஸ் பல்கலைக்கழக ஆட்டத்துக்கு முன் மாணவர்களே மரம் வெட்டி அடுக்கி எரித்துவந்த வழக்கம் அது. 1999 நவம்பர் 18 அதிகாலை 2:42-க்கு, கட்டிக்கொண்டிருக்கும்போதே 59 அடி உயர அடுக்கு சரிந்தது. 12 பேர் இறந்தார்கள், 27 பேர் காயமடைந்தார்கள். 'தீ விபத்து' என்று எழுதுபவர்கள் உண்டு, தீயே மூட்டப்படவில்லை. விசாரணைக் குழு சொன்ன காரணம் கட்டுமானம் சார்ந்தது: இரண்டாம் அடுக்கு மரங்களை முதல் அடுக்குக்குள் ஆப்பு மாதிரி இறுக்கிச் செருகியதில் உள்ளழுத்தம் கூடி, அதைத் தாங்கும் அளவுக்குச் சுற்றுக்கட்டு பலமாக இல்லாமல் போனது. அதற்கும் அடியில், பல ஆண்டுகளாகப் பொறியியல் மேற்பார்வை இல்லாமலே அடுக்கு வளர்ந்துகொண்டு போனது. ஒரு மாணவரின் கவனக்குறைவு என்று சுருக்கிவிட முடியாது. வளாகத்தில் இப்போது போன்ஃபயர் கிடையாது. வெளியே மாணவர்கள் தனியாக நடத்துவது பல்கலைக்கழக நிகழ்ச்சி அல்ல. 2004-இல் திறந்த நினைவிடத்தில் 12 வாயில்கள், ஒவ்வொன்றும் இறந்தவரின் சொந்த ஊர் இருக்கும் திசையைப் பார்த்தபடி. செல்ஃபி எடுக்க வேறு இடம் பாருங்கள்.

வாக்குவாதத்தில் மாட்டிக்கொள்ளும் எண்ணிக்கை ஒன்று உண்டு. தேசியப் பட்டம் எத்தனை? பல்கலைக்கழகம் மூன்று என்கிறது: 1919, 1927, 1939. ஏ.பி. (அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம்) வாக்கெடுப்பில் முதலிடம் பெற்றது 1939 மட்டும். மற்ற இரண்டும் பிற்காலத் தேர்வாளர்கள் பின்னோக்கிப் பார்த்துக் கொடுத்தவை. எதிரணி நண்பரிடம் 1939-ஐ வைத்துப் பேசினால் தோற்க மாட்டீர்கள். பயிற்சியாளர் பேர் பிரையன்ட் ஜங்ஷன் என்ற ஊரில் நடத்திய பயிற்சி முகாமும் அப்படித்தான். 1954-இல் வறண்ட நிலத்தில் பத்து நாள் வாட்டியதால் அணி உடனே ஜெயித்தது என்ற நினைப்பு பரவலாக இருக்கிறது. அந்த வருடக் கணக்கு ஒரு வெற்றி, ஒன்பது தோல்வி. தோல்வியே இல்லாத பருவம் 1956-இல் வந்தது. முகாம் வாட்டல்தான் வெற்றியைத் தந்தது என்று அதைப் புகழ்வதில் எனக்கு உடன்பாடில்லை.

பைக்கு விதி கறார்: ஒளி ஊடுருவும் பை, 12க்கு 6க்கு 12 அங்குலம், அதற்கு மேல் கூடாது. லேப்டாப் பையோடு வந்தால் கேட்டிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். மாணவர் பகுதி மேற்கைப் பார்த்தது. செப்டம்பர் மதிய ஆட்டத்தில் வெயில் நேரே முகத்தில் அடிக்கும். மரூன் சட்டை சூட்டை இழுத்துக்கொள்ளும், ஆகவே மெல்லிய துணியாக இருக்கட்டும். சாப்பாட்டுக்கு இடைவேளையில் ஓடாதீர்கள். வரிசை நீளம் ஒரு பக்கம் இருக்கட்டும், ஆகீ பேண்டின் அணிவகுப்பு தவறிப்போகும். இரண்டாம் கால்பகுதியின் நடுவில் போய் வந்துவிடுங்கள்.

தோற்கிறார்கள் என்று தெரிந்ததும் கார் பார்க்கிங் நெரிசலுக்குப் பயந்து கிளம்புவது நம்மவர்களிடம் உள்ள பழக்கம். ஜெயித்தால் முதலாண்டு கேடட்டுகள் யெல் லீடர்களைத் துரத்திப் பிடித்து, தூக்கிக்கொண்டு போய் ஃபிஷ் பாண்ட் குளத்தில் போடுவார்கள். அதைப் பார்க்க எல்லோரும் இருப்பார்கள். தோற்றால் மாணவர்கள் அப்படியே இடத்தில் நின்று, அடுத்த ஆட்டத்துக்கான யெல் பயிற்சியைச் சில நிமிடம் செய்துவிட்டுத்தான் கலைவார்கள். வண்டியை எடுப்பது அதற்குப் பிறகு.