குதிகால் ரத்தம் எடுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிறந்த குழந்தையின் குதிகாலில் குத்தி, சில சொட்டு ரத்தத்தை வடிதாள் அட்டையில் ஊறவிட்டு லேபுக்கு அனுப்புகிறோம். பிறவித் தைராய்டு குறைபாடு போன்றவை வெளியே தெரியும் முன்பே இதில் பிடிபடும். முதல் இரண்டு வாரத்துக்குள் மருந்து தொடங்கினால் மூளை வளர்ச்சியைக் காப்பாற்றலாம். அட்டை கெட்டுப்போனால் குழந்தைக்கு இன்னொரு குத்து, கூடவே விலைமதிப்பில்லாத சில நாட்களும் வீண்.

என் கணிப்பில் பாதித் தவறு குத்தும் முன்பே தொடங்குகிறது. கால் சில்லென்று இருந்தால் ரத்தம் வராது. வராவிட்டால் கை தானாகப் பிழியப் போகும். பிழிந்தால் திசுநீர் கலக்கும், சிவப்பணுக்கள் உடையும். அதனால் வெதுவெதுப்பான துணியை 3 முதல் 5 நிமிடம் சுற்றி வையுங்கள். சூடு 42 டிகிரி செல்சியஸைத் தாண்டக் கூடாது. தாயிடம் பால் குடிக்கும்போதே எடுத்தால் குழந்தைக்கு வலியும் குறையும்.

அடிப்பாதத்தில், குதிகாலின் இரு ஓரங்கள்தான் குத்தும் இடம். பின்வளைவில் எலும்பு மிக அருகில் இருக்கிறது, அங்கே வேண்டாம். லான்செட் (குத்தும் சிறு முனை) 2 மி.மீ. ஆழத்தைத் தாண்டக் கூடாது. ஸ்பிரிட் காய்ந்த பிறகே குத்துங்கள், முதல் சொட்டைத் துடைத்துவிடுங்கள்.

அப்புறம் சொட்டு வைப்பது. அட்டையில் அச்சிட்டிருக்கும் ஒரு வட்டத்துக்கு ஒரே பெரிய சொட்டு, ஒரே பக்கத்திலிருந்து. அட்டையைத் திருப்பிப் பாருங்கள்: பின்பக்கமும் முழுக்கச் சிவந்திருக்க வேண்டும். வெள்ளைத் திட்டு தெரிந்தால் அதன் மேல் இன்னொரு சொட்டு வைத்துச் சரிக்கட்டத் தோன்றும். தயவுசெய்து வேண்டாம், அடுத்த வட்டத்துக்குப் போங்கள். லேபில் அந்தக் கறையிலிருந்து சுமார் 3 மி.மீ. வில்லை ஒன்றை வெட்டித்தான் சோதிக்கிறார்கள். ரத்தம் அடுக்கடுக்காகப் படிந்திருந்தால் அளவு கூடுதலாகவும், ஊறாமல் இருந்தால் குறைவாகவும் காட்டும்.

பிறந்து 24 மணி நேரத்துக்குள் எடுத்தால் டி.எஸ்.எச். (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன்) இயல்பாகவே உயர்ந்திருக்கும், தைராய்டு குறைபாடு போலத் தெரிந்து பெற்றோர் வீணாகப் பதறுவார்கள். ஆனால் குழந்தைக்கு ரத்தம் ஏற்றப் போகிறார்கள் என்றால் காத்திருக்காமல் அதற்கு முன்பே எடுத்துவிட வேண்டும்.

அட்டையைக் கிடைமட்டமாக வைத்து, வெயிலும் ஹீட்டரும் படாமல் குறைந்தது 3 மணி நேரம் உலர்த்துங்கள். ஈரத்தோடு அடுக்கவோ பிளாஸ்டிக் உறையில் போடவோ கூடாது. பிறந்த நேரம், எடுத்த நேரம், எடை, தாயின் தொலைபேசி எண் எல்லாவற்றையும் குழந்தையின் பக்கத்திலிருந்தே எழுதிவிடுங்கள். எண் தவறினால், நோய் இருப்பது தெரிந்தும் அந்தக் குடும்பத்தைக் கூப்பிட வழியிருக்காது.