சுடுதண்ணி அடுப்பு: பாதி விறகில் தண்ணி காய்ச்சும்படி கட்டுவது எப்படி

பொடக்காளியில் (வீட்டுக் கொல்லைப்புறத்தில்) மூணு கல்லைக் கூட்டி அண்டாவை ஏற்றிக் காய்ச்சினால், விறகுச் சூட்டில் எட்டில் ஒரு பங்கு தண்ணிக்குச் சேர்ந்தாலே அதிகம். மீதியைக் காற்று கொண்டுபோய்விடும். 50 லிட்டர் தண்ணியை 25 டிகிரியிலிருந்து 65 டிகிரிக்கு ஏற்ற 8,400 கிலோஜூல் வேண்டும். காய்ந்த விறகு கிலோவுக்குச் சுமார் 16,000 கிலோஜூல் தரும். மூணு கல் அடுப்பில் இதற்கு நாலரை கிலோ விறகு போகும். அண்டாவைச் சுற்றி மூடிக் கட்டிப் புகைபோக்கி வைத்த அடுப்பில் இரண்டு கிலோவுக்குள் முடியும். அந்த 50 லிட்டரோடு பச்சைத்தண்ணி விளாவினால் ஐந்தாறு பேர் ஆளுக்கொரு பக்கெட் குளிக்கலாம்.

முதலில் இடம். பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆனி, ஆடியில் வரும் மேகாற்று (மேற்குக் காற்று) பொள்ளாச்சி, உடுமலை, பல்லடம் பக்கமெல்லாம் அடுப்பை ஊதித் தள்ளும். வாய் மேற்கே பார்த்திருந்தால் தீ கட்டுக்கடங்காமல் எரியும், பொறியும் பறக்கும். மார்கழிக் காற்று வடகிழக்கிலிருந்து வரும். அதனால் அடுப்பு வாய் தெற்கே பார்த்திருப்பது நல்லது. ஓலைக்கூரைக்கும் தட்டுப்போருக்கும் (சோளத்தட்டு அடுக்கிய போர்) பக்கத்தில் கட்டவே கூடாது.

இங்கே சொல்லும் அளவு 18 அங்குல அகலமும் 16 அங்குல ஆழமும் உள்ள செம்பு அல்லது அலுமினிய அண்டாவுக்கு. விளிம்புக்கு மூன்று அங்குலம் விட்டு நிரப்பினால் 50 லிட்டருக்குச் சற்று மேல் பிடிக்கும். சூளைச் செங்கல்லில் கட்டுங்கள். ஹாலோ பிளாக் சூட்டில் வெடித்துவிடும். உள்பக்கம் சிமெண்ட் பூச்சும் நிற்காது, சில மாதத்தில் விரிசல் விட்டு உதிரும். புற்றுமண் இரண்டு பங்கு, சலித்த மணல் ஒரு பங்கு, பொடியாக நறுக்கிய வைக்கோல் இரண்டு கை, கொஞ்சம் சாணி. இதை மிதித்து ஒரு ராத்திரி ஊறவிட்டுப் பூசுங்கள்.

சாம்பல் குழி 6 அங்குல உயரம். அதன் மேல் 12 எம்.எம். கம்பிகளை விரல் இடைவெளியில் அடுக்க வேண்டும். கம்பி முனையைச் சுவரில் இறுக்கிப் பதிக்காதீர்கள். சூட்டில் நீளும் கம்பி சுவரைப் பிளக்கும், அது நீள அரை அங்குலம் இடம் விடுங்கள். கம்பியிலிருந்து அண்டா அடிக்கு 8 முதல் 9 அங்குலம். இதைக் குறைத்தால் தீ முழுதாக எரியாமல் அண்டா அடியில் கரியாகப் படியும். விறகு வாய் 6 அங்குல உயரம், 7 அங்குல அகலம் போதும். வாயைப் பெரிதாக வைத்தால் தேவைக்கு மேல் குளிர்காற்று உள்ளே போய்ச் சூட்டை அடித்துக்கொண்டு போகும்.

அண்டாவுக்கும் சுற்றுச்சுவருக்கும் நடுவே உள்ள சந்துதான் இந்த அடுப்பின் உயிர். தீயின் சூடு அடியில் மட்டும் படாமல் பக்கவாட்டிலும் உரசிக்கொண்டு ஏற வேண்டும். சுற்றிலும் அரை அங்குலச் சந்து விட்டால் அதன் பரப்பு 6 அங்குலப் புகைபோக்கியின் பரப்போடு ஏறக்குறைய ஒத்துப்போகும். ஆனால் சுற்றிலும் ஒரே அளவாக விட்டால், சூடான காற்று புகைபோக்கி இருக்கும் பின்பக்கமாகவே குறுக்கே ஓடிவிடும். முன்பக்கத் தண்ணி சீக்கிரம் காயாது. அதனால் பின்பக்கம் கால் அங்குலம், முன்பக்கம் முக்கால் அங்குலம் என்று சரித்துப் பூசுங்கள். பின்பக்கத்தை மட்டும் மாதம் ஒரு முறை கரி சுரண்டிவிட வேண்டும். அதற்காகவே அண்டாவைத் தூக்கி எடுக்கும்படி வையுங்கள்: மூன்று இரும்புத் துண்டின் மேல் உட்காரவைத்து, விளிம்பை வெறும் மண்ணால் மூடினால் போதும்.

புகை வெளியேறும் துளை அண்டா விளிம்புக்கு 5 அங்குலம் கீழே இருக்கட்டும். தண்ணி மட்டம் எப்போதும் இந்தத் துளைக்கு மேலேதான் நிற்க வேண்டும். தீ எரியும்போது மொண்டு மொண்டு மட்டத்தை இறக்கினால் வெறும் தகடு சூடேறி, ஈயப்பற்று வைத்த இடம் விட்டுப்போகும். புகைபோக்கியின் முதல் நாலடி செங்கல், அதற்கு மேல் தகரக் குழாய். உச்சி ஓட்டு முகட்டுக்கு இரண்டடி மேலே நிற்கட்டும். அடியில் ஒரு செங்கல்லைக் கழற்றும்படி விட்டால் கரி அள்ள வசதி.

கட்டியதும் தீ மூட்ட அவசரப்படக்கூடாது. பதினைந்து நாள் நிழலில் உலரட்டும். பிறகு மூன்று நாள் சுள்ளித் தீ மட்டும்.

விறகில் வெள்வேல், கருவேல், வேலிக்கருவை மூன்றும் கனமானவை, தணல் நிற்கும். தென்னம்பாளையும் கொட்டாங்குச்சியும் பற்றவைக்க உகந்தவை. மட்டை சீக்கிரம் எரிந்து சாம்பலைக் குவிக்கும். மக்காச்சோளக் கட்டை, பருத்திமார், மரவள்ளிக் குச்சி எல்லாம் ஆகும். அரளி மட்டும் வேண்டாம், அதன் புகையே நஞ்சு. மாசி, பங்குனியில் வெட்டி மணிக்கட்டுப் பருமனுக்குப் பிளந்து, தரையிலிருந்து ஒரு சாண் உயர்த்தி அடுக்கினால் ஐப்பசி மழைக்கு முன்னால் தயாராகும். சந்தேகமிருந்தால் ஒரு துண்டை வாரம் ஒரு முறை தராசில் வையுங்கள். எடை குறைவது நின்றால் காய்ந்துவிட்டது. ஈர விறகின் சூடு அதனுள் இருக்கும் தண்ணியை ஆவியாக்கவே செலவாகும், புகைபோக்கியில் தார் போன்ற கருங்கீலும் வழியும்.

தண்ணி ஊற்றிவிட்டுத்தான் தீ மூட்ட வேண்டும். ஒரே நேரத்தில் மூன்று, நாலு குச்சிக்கு மேல் திணிக்காமல், எரிய எரிய உள்ளே தள்ளுங்கள். முக்கால் மணி நேரத்தில் தண்ணி தயார். முதலில் வாய் வழியாகப் புகை திரும்பினால் புகைபோக்கி குளிர்ந்திருக்கிறது என்று அர்த்தம். அடிச் செங்கல்லைக் கழற்றி ஒரு பிடி காய்ந்த ஓலையைக் கொளுத்தி வைத்தால் இழுப்பு வந்துவிடும். எப்போதும் திரும்பினால் சந்து கரியால் அடைத்திருக்கும்.

போர்வெல் தண்ணியில் உப்பு அதிகமுள்ள ஊர்களில் அண்டா உள்ளே வெள்ளையாகப் படிந்து சூட்டைத் தடுக்கும். லிட்டருக்கு 50 கிராம் எலுமிச்சை உப்பு (சிட்ரிக் ஆசிட்) கரைத்து ஒரு மணி நேரம் ஊறவிட்டுத் தேய்த்து, இரண்டு முறை அலசிக் கொட்டுங்கள்.

அண்டாவுக்குப் பதிலாக, நடுவே தீ எரியும் குழாய் வைத்த செம்பு பாய்லரை மேல்தொட்டியோடு இணைப்பவர்கள் ஒன்றை மறக்கவே கூடாது. பாய்லர் உச்சியிலிருந்து ஒரு குழாயைத் தொட்டியின் தண்ணி மட்டத்துக்கு மேலே கொண்டுபோய்த் திறந்தே விட வேண்டும். அந்தக் குழாயில் வால்வு எதுவும் கூடாது. ஆவிக்குப் போக வழியில்லாமல் அடைத்தால் பாய்லர் வெடிக்கும்.

சமவெளியில் வீட்டைச் சூடாக்கும் தேவையில்லை. தாளவாடி, பர்கூர், கொல்லிமலை, வால்பாறைக் குளிருக்கு, அடுப்பின் பின்சுவரைப் படுக்கையறையின் செங்கல் சுவரோடு ஒட்டிக் கட்டினால், சாயங்காலத் தீயின் சூடு ராத்திரியில் மெல்ல உள்ளே இறங்கும். தணலைச் சட்டியில் அள்ளி அறைக்குள் வைத்துக் கதவடைத்துத் தூங்குவதை மட்டும் யாரும் செய்யாதீர்கள். தணலிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையும் கிடையாது, நிறமும் கிடையாது. தூங்குகிறவர் எழுந்திருக்கவே மாட்டார்.