4294967297: பகா எண் என்று முடிவுகட்டும் முன்

429 கோடியே 49 லட்சத்து 67 ஆயிரத்து 297. 2³² உடன் 1 கூட்டினால் கிடைக்கும் ஃபெர்மா எண் இது (2இன் அடுக்கை 1, 2, 4, 8, 16, 32 என இரட்டித்துக்கொண்டே போய், ஒவ்வொன்றுடனும் 1 கூட்டினால் வருபவை ஃபெர்மா எண்கள்). இதற்கு முந்தைய ஃபெர்மா எண்களான 3, 5, 17, 257, 65537 ஐந்துமே பகா எண்கள். அதனால் இதுவும் பகா எண்தான் என்று கணிதவியலாளர் ஃபெர்மாவே நம்பினார். 1732இல் கணிதவியலாளர் ஆய்லர் இதன் காரணிகளைக் கண்டார்: 641 × 6700417. ஐந்து முறை சரியாக வந்ததை நிரூபணமாக எடுத்துக்கொள்வதுதான் முதல் தவறு.

கடைசி இலக்கம் 7, இலக்கங்களின் கூட்டுத்தொகை 59. எனவே 2, 3, 5 எதனாலும் வகுபடாது. பலர் இன்னும் நாலைந்து பகா எண்களைப் பார்த்துவிட்டு நிறுத்திவிடுகிறார்கள். வர்க்கமூலம் 65536ஐச் சற்றே தாண்டுவதால், அதுவரையுள்ள 6542 பகா எண்களையும் சோதித்தாக வேண்டும். ஆனால் அத்தனையையும் வகுத்துப் பார்ப்பதும் வீண் வேலை. இந்த எண்ணின் பகாக் காரணி எதுவானாலும் 128k + 1 வடிவில்தான் இருக்கும் (k ஒரு முழு எண்). 129, 385, 513 பகா எண்கள் அல்ல. 257 ஆல் வகுத்தால் மீதி 2. அடுத்தது 641. இரண்டே வகுத்தலில் வேலை முடிந்தது!

8 இலக்கக் கால்குலேட்டரில் இந்த எண்ணையே உள்ளிட முடியாது, தாளிலேயே சரிபார்க்கலாம். 641 = 5×2⁷ + 1 என்பதால், 641 ஆல் வகுக்கும்போது 5×2⁷ க்கு மீதி −1. அதை நான்காம் அடுக்குக்கு உயர்த்தினால் 5⁴×2²⁸ க்கு மீதி 1. மறுபக்கம் 641 = 5⁴ + 2⁴; ஆகவே 5⁴ இருக்கும் இடத்தில் −2⁴ போடலாம். −2³² க்கு மீதி 1 என்று வரும். அதாவது 2³² + 1 மீதியின்றி வகுபடும். என்ன அழகான கணக்கு!

6700417ஐச் சோதிக்காமலே பகா எண் என்று எழுதிவிடுவதும் உண்டு. அதன் வர்க்கமூலம் சுமார் 2588. 257 முன்பே கழிந்துவிட்டதால் மிஞ்சுபவை 641, 769, 1153, 1409 மட்டுமே. மீதிகள் முறையே 44, 120, 334, 622. ஆக, அது பகா எண்ணேதான்.

ஃபெர்மா சோதனை என்பது இது: N பகா எண் என்றால், அடி எண்ணை N−1 ஆம் அடுக்குக்கு உயர்த்தி N ஆல் வகுக்கும்போது மீதி 1 வர வேண்டும். இங்கே N−1 = 2³², அதாவது அடியை 32 முறை வர்க்கப்படுத்த வேண்டும். இதை அடி 2 வைத்துச் செய்தால் நிச்சயம் ஏமாறுவோம். 2³² க்கு மீதி −1. ஒருமுறை வர்க்கப்படுத்தினால் 1. அதன்பின் எத்தனை முறை வர்க்கப்படுத்தினாலும் 1தான். பகு எண்ணாக இருந்தும் சோதனையில் தேறிவிடும். அடி 3 எடுங்கள்: கடைசி மீதி 1 அல்ல, 3029026160. அதுவே போதுமான சான்று.

நிரல் எழுதுவோர் கவனிக்க வேண்டியது: குறியற்ற 32 பிட் மாறிக்கு உச்சவரம்பு 4294967295. நம் எண்ணை அதில் போட்டால் 1 என்றே பதிவாகும். 64 பிட் மாறியிலும் ஆபத்து உண்டு. 2³² என்ற மீதியை வர்க்கப்படுத்தினால் 2⁶⁴. குறியற்ற மாறியில் அது 0 ஆகிவிடும். பெருக்கலுக்கு 128 பிட் வேண்டும், அல்லது பைதான் போல முழு எண்ணுக்கு வரம்பில்லாத மொழி வேண்டும்.

பகா எண் என்று தவறாக நினைத்தால் ஆய்லர் சார்பின் (1 முதல் அந்த எண் வரை, அதனுடன் 1 தவிர வேறு பொதுக் காரணி இல்லாத எண்களின் எண்ணிக்கை) மதிப்பும் 4294967296 என்று பிழையாகும். சரியான விடை 640 × 6700416 = 4288266240.