அப்பாவின் ஒன்பது நாள் மௌனம்: கோபம் என்று நான் தவறாகப் படித்தது

காட்பாடியில் எங்கள் வீட்டில், மூட்டுவலியால் தளர்ந்திருக்கும் என் அப்பா ஒன்பது நாள்கள் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. கோபம் என்றே முடிவு செய்து, "என் மேல் என்னப்பா கோபம்?" என்று தினமும் கேட்டேன், "ஒன்றுமில்லை" என்பதற்கு மேல் பதில் வரவில்லை. மன்னிப்புக் கேட்டதும், அம்மாவைத் தூது விட்டதும் பலிக்கவில்லை.

பத்தாம் நாள்தான் ஒன்றைக் கவனித்தேன். நான் அறைக்குள் நுழையும்போதெல்லாம் அவர் தம் பாதங்களை நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டார். கோபக்காரர் காலை ஒளிப்பதில்லை. தொல்காப்பியம் கூறும் எண்வகை மெய்ப்பாடுகளில், அதாவது உடலில் வெளிப்படும் உணர்வுகளில், வெகுளி என்னும் கோபம் வேறு, தன்னைத் தாழ்வாக உணரும் இளிவரல் வேறு. மூப்பு, பிணி, வருத்தம், மென்மை ஆகிய நான்கிலிருந்து இளிவரல் பிறக்கும் என்று அது வகுக்கிறது. அவற்றில் முதல் இரண்டும் அவரிடம் இருந்தன.

மௌனம் தொடங்கிய நாளை எண்ணிப் பார்த்தேன். அன்று வேலூர்க் கோட்டையின் ஜலகண்டேஸ்வரர் கோயில் வாசலில், கூட்டத்தின் நடுவே, நான் குனிந்து அவருக்குச் செருப்பு மாட்டிவிட்டிருந்தேன்.

அருகில் அமர்ந்து, "அன்று எல்லார் முன்னாலும் செருப்பு மாட்டிவிட்டது உங்களுக்குக் கூச்சமாக இருந்ததாப்பா?" என்று கேட்டேன். நெடுநேரம் கழித்து, "குறுகிப்போயிட்டேன்பா" என்றார். அதன்பின் ஒரு மணி நேரம் பேசினார். இப்போது வாசலருகே ஒரு முக்காலி இருக்கிறது. அதில் அமர்ந்து, நேரம் எடுத்துக்கொண்டு, அவரே செருப்பை மாட்டிக்கொள்கிறார்.