தள்ளிப்போட வைத்த குரலிடம் கேட்ட கேள்வி

ஆய்வறிக்கைக் கோப்பைத் திறந்தாலே தாடை இறுகும், கை தானாகக் கைபேசிக்குப் போகும். அட்டவணை போட்டேன், செயலிகளை நீக்கினேன். இறுக்கம் கூடியதுதான் மிச்சம். அப்புறம்தான் 1980களில் அமெரிக்கக் குடும்ப சிகிச்சையாளர் ரிச்சர்ட் ஷ்வார்ட்ஸ் உருவாக்கிய IFS (Internal Family Systems) என்ற உளசிகிச்சை முறைக்கு வந்தேன். நம் மனம் பல கூறுகளால் ஆனது, நம்மைத் தடுக்கும் கூறும் நம்மைக் காக்கவே பார்க்கிறது என்பது அதன் அடிப்படை.

தாடையைக் கவனித்தபடி, என்னைத் தடுக்கும் அந்தக் கூறிடம், "நீ விலகினால் என்ன நடக்கும் என்று பயப்படுகிறாய்?" என்று கேட்டேன். பதில் இல்லை. கவனிக்க வேண்டிய இடம் இதுதான்: கேட்கும்போது எனக்குள் எரிச்சல் இருந்தது. அந்த எரிச்சலும் இன்னொரு கூறு! முதலில் அதைச் சற்றுத் தள்ளியிருக்கச் சொன்னேன். மறுபடி கேட்டதும், "எல்லார் முன்னாலும் அவமானப்படுவாய்" என்று வந்தது. நன்றி சொல்லி, முதல் வரைவை ஒருவரிடம் மட்டும் காட்டுவதாக உறுதி தந்தேன். தாடை தளர்ந்தது. அன்றே முன்னுரை முடிந்தது, அப்பாடா.