நல்ல நோட்டைப் பத்திரப்படுத்தாதீர்கள்: நாட்குறிப்பு எழுதுகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்னையில் நாட்குறிப்பு எழுதுவதில் ஆசையுள்ளவர்கள் இப்போது ஒருவரையொருவர் தேடிப்பிடித்துப் பூங்காக்களில் கூடுகிறார்கள். பிளானர், ஸ்டிக்கர், இங்க் பேனா, வாஷி டேப் என்னும் அலங்காரக் காகித டேப் எல்லாம் பையில் இருக்கும். நோட்டைத் திறந்தால் பலருக்கு பிப்ரவரியோடு எழுத்து நின்றிருக்கும். நான் பார்த்த தவறுகளில் முதலிடம் இதற்குத்தான்: நல்ல நோட்டை வாங்கி, கெட்டுப்போய்விடுமோ என்று எழுதாமல் பத்திரப்படுத்துவது. கையெழுத்து திருந்தட்டும், நல்ல பேனா வரட்டும், தை பிறக்கட்டும் என்று ஒத்திப்போட்டால், தேதி அச்சிட்ட நோட்டில் பக்கங்கள் தாமாகவே வீணாகிவிடும்.

விட்டுப்போன நாட்களை ஞாபகத்திலிருந்து எழுதி நிரப்பவும் முயலாதீர்கள். அந்த வேலை சலித்துப்போய், அதோடு நோட்டே மூலைக்குப் போகும். இன்றைய தேதியில் தொடங்குங்கள். காலியான பக்கங்களை வேறு எதற்கும் பயன்படுத்தலாம். மார்கழியில் கேட்ட கச்சேரியின் ராகப் பட்டியல், பாட்டி சொன்ன வத்தக்குழம்புப் பக்குவம், வாசலில் போட்ட புள்ளிக்கோலம் என்று எதுவும் அங்கே இடம்பெறலாம். கட்டம் போட்ட தாளில் புள்ளிகள் தாமாகவே வரிசையில் நிற்பதால், கோலம் வரைவதற்கென்றே அந்தத் தாளை விரும்புகிறவர்கள் உண்டு.

“எழுத என்ன இருக்கிறது, தினமும் ஆபீஸ், வீடுதானே” என்பார்கள். புதுச்சேரியில் பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேக்குத் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக, இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை, 1736 முதல் 1761 வரை தமிழில் எழுதிய நாட்குறிப்பை நினைத்துப் பாருங்கள். எந்தக் கப்பல் வந்தது, என்ன சரக்கு இறங்கியது, யார் யாரைப் பற்றிக் கோள் சொன்னார்கள் என்பதெல்லாம் அதில் இருக்கிறது. அன்றைக்குச் சாதாரணமாக இருந்த செய்திகளைத்தான் இன்றைக்கு வரலாற்றாசிரியர்கள் தேடிப் படிக்கிறார்கள். மயிலாப்பூரில் ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவரின் நோட்டில் ஒரு மே மாதப் பக்கத்தைப் பார்த்தேன். மேலே காய்கறி விலை, நடுவில் தண்ணீர் லாரி வந்த நேரம், ஓரத்தில் எதிர்வீட்டுக் குழந்தை முதன்முதலாகத் தன்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது என்று ஒரு வரி. ஸ்டிக்கர் ஒன்றுகூட இல்லை. அன்றைய சந்திப்பில் சுற்றி வந்த நோட்டுகளில் எல்லாரும் நின்று நிதானமாகப் படித்தது அந்தப் பக்கத்தைத்தான்.

ஜனவரி 1-ஐ விட்டால் ஓர் ஆண்டு போயிற்று என்று நினைப்பதும் தேவையில்லாத கவலை. நாளுக்கு ஒரு பக்கம் தரும் ஜப்பானிய பிளானரான ஹோபோநிச்சி டெச்சோவில், அந்த நாட்டுப் பள்ளி ஆண்டையொட்டி ஏப்ரலில் தொடங்கும் பதிப்பும் உண்டு. சித்திரை பிறப்பதை ஒட்டி எழுதத் தொடங்க நமக்கும் அது தோதானது.

சென்னை வெயிலையும் புழுக்கத்தையும் கணக்கில் எடுக்காமல் பொருள் வாங்குவதுதான் பணத்தை அதிகம் கரைக்கும் தவறு. டெச்சோவின் டோமோயே ரிவர் தாள் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 52 கிராம்தான். நாம் அச்செடுக்கும் சாதாரணத் தாள் 70 முதல் 80 கிராம் வரை இருக்கும். அவ்வளவு மெல்லியதாக இருந்தும் இங்க் பேனாவின் மை அதில் ஊறிப் பரவாது. ஊறாததால் காயவும் நேரம் பிடிக்கும். மழைக்காலத்தில் எழுதிய கையோடு மூடினால் எதிர்ப்பக்கத்தில் அச்சு விழும். இடையில் ஒரு மை ஒற்றும் தாளை வையுங்கள். கோடையில் தொல்லை வேறு மாதிரி. உள்ளங்கை வியர்வையும் எண்ணெய்ப் பசையும் பட்ட இடத்தில் மை ஒட்டாமல் எழுத்து விட்டுவிட்டு விழும். பேனா பழுது என்று பலர் நிப்பை மாற்றுகிறார்கள். கைக்கு அடியில் ஒரு துண்டுத் தாளை வைத்து எழுதிப் பார்த்தால் குறை எதில் என்று தெரிந்துவிடும்.

மையிலும் கவனம் வேண்டும். இங்க் பேனாவுக்கான சாதாரணச் சாய மைகளில் பெரும்பாலானவை தண்ணீரில் கரையக்கூடியவை. 2015 டிசம்பர் வெள்ளத்தில் வீட்டுக் காகிதங்களைப் பறிகொடுத்த குடும்பங்கள் உள்ள ஊர் இது. காலத்துக்கும் இருக்க வேண்டும் என்று எழுதுவதை நிறமி (பிக்மென்ட்) மையிலோ பால்பாயிண்ட் பேனாவிலோ எழுதுங்கள். நோட்டுகளைத் தரையோடு ஒட்டிய அலமாரித் தட்டில் வைக்காதீர்கள். மழையில் ஈரம் கசியும் வெளிச்சுவரை ஒட்டியும் வேண்டாம். ஈரம் உலராத நோட்டைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு மூடினால் பூஞ்சை பிடிக்கும்.

டிக்கெட், ரசீது ஒட்டுவதில் எல்லாரும் ஒரே இடத்தில் ஏமாறுகிறோம். இப்போது பஸ்ஸில் இயந்திரம் கிழித்துத் தரும் டிக்கெட்டும் கடை ரசீதும் பெரும்பாலும் வெப்பத்தில் அச்சாகும் தாள். அதில் மையே கிடையாது. தாளின் மேல் பூசிய ரசாயனம் சூடு பட்ட இடத்தில் கறுக்கிறது, அவ்வளவுதான். அதனால் நாளடைவில் எழுத்து மங்கும், கடும் சூட்டில் கிடந்தால் முழுத்தாளும் கறுக்கும், சில பசைகளும் டேப்களும் பட்டாலும் எழுத்து அழிந்துபோகும். சூடு வைத்து லேமினேட் செய்தால் கேட்கவே வேண்டாம். நகலெடுத்து ஒட்டுங்கள்; அல்லது எங்கிருந்து எங்கே, யாரோடு போனீர்கள் என்று பக்கத்திலேயே எழுதிவிடுங்கள்.

தமிழில் எழுதுகிறவர்களுக்கு ஒரு தனிக் குறிப்பு. டெச்சோவின் கட்டம் 3.7 மில்லிமீட்டர். ‘கி’, ‘ழு’, ‘தூ’ போன்றவற்றுக்கு மேலும் கீழும் இடம் வேண்டும். ஒரு கட்டத்துக்குள் அடைத்தால் சுழிகள் மூடிக்கொள்ளும். இரண்டு கட்டத்துக்கு ஒரு வரி, மெல்லிய நிப் என்று வைத்துக்கொண்டால் தெளிவாக வரும். வெளிநாட்டு நோட்டுதான் வேண்டும் என்பதும் இல்லை. பாரிமுனை ஆண்டர்சன் தெருவில் தாள் வியாபாரிகளிடம் பிடித்த தாளை வாங்கி, தமிழ் எழுத்துக்கு ஏற்ற கோடுபோட்டு பைண்டிங் செய்துகொள்ளலாம்.

அடுத்தவர் பக்கத்தின் அமைப்பை அப்படியே நகலெடுப்பதைப் பற்றி ஒரு வார்த்தை. அமெரிக்க வடிவமைப்பாளர் ரைடர் கேரல் 2013-இல் பொதுவில் பகிர்ந்த புல்லட் ஜர்னல் முறை, சிறு வயதிலிருந்தே கவனச் சிதறலோடு போராடிய ஒருவர் தன் வேலைகளைச் சட்டென்று குறித்துவைக்க உருவாக்கியது. புள்ளி, பெருக்கல் குறி, சின்னக் கோடு போன்ற சில குறிகள், அதோடு முடிந்தது. அதன் பெயரைச் சொல்லிக்கொண்டு மாத அட்டவணைக்குப் பூவேலை செய்வதில் ஞாயிற்றுக்கிழமை முழுவதும் போகிறது. வரைவது பிடித்தால் தாராளமாக வரையுங்கள். அது இல்லாமல் எழுதக் கூடாது என்ற விதியை உங்களுக்கு நீங்களே போட்டுக்கொள்ள வேண்டாம்.

இனி, கூடிப் பழகுவதில் நேரும் தவறுகள். சந்திப்பு முழுவதும் யார் என்ன வாங்கினார்கள் என்பதிலேயே போனால், ஐம்பது ரூபாய் நோட்டோடு வந்த கல்லூரி மாணவி அடுத்த முறை வரமாட்டார். எங்கள் கூட்டத்தில் முதல் அரை மணி நேரம் எல்லாரும் எழுதுகிறோம், பிறகு விருப்பமுள்ளவர்கள் ஒரு பக்கம் வாசிக்கிறார்கள், கடை, விலைப் பேச்செல்லாம் கடைசியில். லஸ் அருகே நாகேஸ்வர ராவ் பூங்கா மாதிரி நிழலும் பெஞ்சும் உள்ள இடம் போதும். ஒவ்வொரு முறையும் எல்லாருக்கும் வசதியான நாளைத் தேடாதீர்கள். மாதத்தின் இரண்டாம் ஞாயிறு என்று நிலையாக வைத்துவிட்டால் வர முடிந்தவர்கள் வருவார்கள்.

பக்கத்தில் இருப்பவரின் நோட்டைக் கேட்காமல் படம் எடுக்காதீர்கள். கேட்டு எடுத்தாலும், வெளியிடும் முன் அவரிடம் ஒரு முறை காட்டுங்கள். அழகான ஓவியத்துக்குக் கீழே மருத்துவரைப் பார்க்கும் தேதியும், வீட்டுத் தகராறும், யாருடைய கைப்பேசி எண்ணும் எழுதியிருக்கும். இந்த விஷயத்தில் நான் கறாராகவே இருக்கிறேன். நோட்டைத் திறந்து காட்டும் தைரியம் ஒருவருக்கு ஒரு முறை போய்விட்டால் எளிதில் திரும்பாது.

ஒரே நோட்டு கைமாறிக் கைமாறி ஒவ்வொருவரும் சில பக்கம் எழுதும் வழக்கம் மிக அருமையானது. அது நடுவழியில் நிற்பதற்குக் காரணம் பெரும்பாலும் ஒன்றுதான்: யாரிடம் இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. முதல் பக்கத்திலேயே பெயர் வரிசையும், ஒருவர் எத்தனை நாள் வைத்துக்கொள்ளலாம் என்பதும் இருக்கட்டும். முகவரிகளை மட்டும் அதில் எழுத வேண்டாம். கூட்டத்தை நடத்துகிறவர் தனியே வைத்திருக்கட்டும். ஆறேழு பேருக்கு மேல் ஒரு நோட்டில் சேர்க்காதீர்கள். அஞ்சலில் அனுப்பும்போது பிளாஸ்டிக் உறையில் போட்டு, அதன் மேல் அட்டை சுற்றி ஸ்பீடு போஸ்டில் அனுப்புங்கள். அனுப்பும் முன் புதிதாக எழுதிய பக்கங்களை ஒரு படம் எடுத்து வைத்துக்கொண்டால், வழியில் தொலைந்தாலும் எழுத்து மிஞ்சும்.