எஸ்டிமேட் சீட்டை நம்பி மோட்டார் வாங்காதீர்கள்

“பில் போட்டா ஜி.எஸ்.டி. சேருங்கண்ணா, எஸ்டிமேட் போதுமுங்களா?” கோயம்புத்தூரில் தோட்டத்துக்கு சப்மெர்சிபிள் மோட்டார் வாங்கப் போனபோது கடைக்காரர் கேட்டார். தெரிந்த கடைதானே என்று தலையாட்டிவிட்டேன். மோட்டார் எரிந்த பிறகுதான் அந்தச் சீட்டை ஒழுங்காகப் பார்த்தேன். கடைப் பெயர் இல்லை, ஜி.எஸ்.டி. எண் இல்லை, மோட்டாரின் சீரியல் நம்பரும் இல்லை. வாரண்டி கார்டில் சீல் வைக்கவும் மறந்திருந்தார்கள்.

பில் தராமல் இருப்பதே 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிக நடைமுறை. கேட்டு வாங்குவதில் கூச்சமே வேண்டாம். அப்படியும் தரவில்லையென்றால் ரொக்கமாகக் கொடுக்காமல் ஜிபேயில் அனுப்புங்கள். பணம் போனதற்காவது சாட்சி இருக்கும்.

நான் செய்த அடுத்த தப்பு இன்னும் பெரியது. பயிர் காய்கிறதே என்று எரிந்த மோட்டாரை அன்றைக்கே பட்டறையில் கொடுத்து உள்ளே கம்பிச் சுருளை (காயில்) புதிதாகக் கட்டிவிட்டேன். தண்ணீர் வந்தது, வழக்கு போனது. பழுது தயாரிப்பிலா, வோல்டேஜிலா என்று பார்க்க, வழக்கை விசாரிக்கும் நுகர்வோர் ஆணையம் பொருளைப் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்பலாம். பிரித்துக் கட்டிய மோட்டாரில் எதைப் பரிசோதிப்பது? விதையும் அப்படித்தான். முளைக்காத விதைக்கு விவசாயி நுகர்வோராகவே வழக்குப் போடலாம் என்று 2012-ல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. லாட் நம்பர் உள்ள பாக்கெட்டையும் ஒரு கைப்பிடி விதையையும் எடுத்து வையுங்கள்.

தறி போட்டிருப்பவர்கள் “நமக்கு இந்தச் சட்டம் செல்லாது, நாம வியாபாரம்” என்று விட்டுவிடுகிறார்கள். மறுவிற்பனைக்கோ பெரிய தொழிலுக்கோ வாங்கினால்தான் செல்லாது. சொந்தப் பிழைப்புக்காகத் தானே ஓட்டும் தறிக்கு வாங்கிய மோட்டாருக்குச் செல்லும்.

“நாளைக்கு ஆள் வருவாங்க” என்ற போன் பேச்சிலேயே காலம் ஓட்டுவதும் ஆபத்து. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் வழக்குப் போட வேண்டும். புகாரை வாட்ஸ்அப்பிலாவது எழுதி அனுப்புங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்கு அழைத்தும் பதிவு செய்யலாம். வாங்கியது கோவையில் என்றாலும் தாராபுரத்துக்காரர் தம் திருப்பூர் மாவட்ட ஆணையத்திலேயே போடலாம். பொருளின் விலை 5 லட்சம் வரை கட்டணமில்லை, வக்கீலும் கட்டாயமில்லை.

சட்டம் எல்லாவற்றுக்கும் துணை வராது என்பதும் தெரிந்திருக்கட்டும். ஈரோட்டில் எடுத்த சேலையில் நெய்தல் பழுது இருந்தால் பில்லில் உள்ள கெடுவுக்குள், கெடு எழுதவில்லையென்றால் 30 நாளுக்குள், திரும்ப எடுத்துக்கொள்ள மறுப்பது தவறு. மருமகளுக்குக் கலர் பிடிக்கவில்லை என்பது பழுதில் சேராது.

அப்புறம், பில் வாங்கியதும் ஒரு போட்டோ எடுத்துவிடுங்கள். வழவழப்பான தாளில் மெஷின் துப்பும் பில் பீரோவிலேயே இருந்தாலும் எழுத்து மங்கி, வாரண்டி முடியும் முன்பே வெள்ளைத்தாளாகிவிடுகிறது.